ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளை கட்டிய டயப்பரை யாரும் எரிக்க மாட்டார்கள். எரித்தால் பிள்ளையின் பின்பக்கம் வெந்துபோகும், கொப்புளம் கிளம்பும் என்பார்கள். படித்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, ஸ்கூட்டரில் போகிற போக்கில் வாய்க்காலில் வீசிவிட்டுப் போவார்கள். தண்ணீரில் கிடந்தால் பிள்ளைக்குக் குளிர்ச்சி என்று நினைப்பு. பாகூர்ப் பக்கம் மதகுக்கு மதகு அது ஊறி உப்பி ஒதுங்கிக் கிடக்கும். நடவுக்குத் தண்ணீர் திறந்தால் சேற்றோடு வயலுக்குள் வந்துவிடும். நாற்று நடுகிற கையில் அது தட்டுப்பட்டு நானே இரண்டு தடவை வரப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த டயப்பரையும் நாப்கினையும் வாங்கிப் பிரித்து நார் எடுக்கிற ஷெட் ஒன்று எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் வந்தது. மகளிர் குழுவில் இருந்து ஆறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. எட்டாவதோடு நின்றவளுக்கு இது கிடைத்ததே ஆத்தா புண்ணியம் என்று மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் முதல் நாள் போனேன்.

வேலை அருவருப்பானதுதான். பிள்ளைகளுடையது, படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுடையது, பெண்கள் வைக்கிறது எல்லாம் ஒன்றாக மஞ்சள் பையில் வரும். கையுறை, முகத்துணி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்வோம். முதலில் பெரிய டிரம்மில் போட்டு மூடி நீராவி விடுவோம், கிருமி சாகவேண்டும் என்று. அப்புறம் கிழித்து, இன்னொரு டிரம்மில் தண்ணீரும் மருந்தும் ஊற்றிச் சுற்ற விடுவோம். டயப்பருக்குள்ளே மூத்திரத்தைக் குடித்து, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஒன்று இருக்கும். உப்பைக் கொட்டினால் அது குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டுச் சுருங்கிப்போகும். பிளாஸ்டிக் மேலே மிதக்கும். கடைசியில் சல்லடையில் நிற்பது வெள்ளை நார். மரத்தில் இருந்து எடுத்த நாராம். அதைக் கூழாக்கிச் சட்டத்தில் ஊற்றி வெயிலில் வைத்தால் அட்டை போல உரிந்து வரும். முட்டை அடுக்குகிற தட்டு செய்கிறவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். முதல் அட்டை காய்ந்த அன்றைக்கு முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் வீடுகளில் தரமாட்டேன் என்றார்கள். பெரியவர்களுடையதைத் தருவார்கள், பிள்ளைகளுடையதைத் தரமாட்டார்கள். நாங்கள் எரிப்பதில்லை என்று வாசல் வாசலாகச் சொன்னோம். சேலியமேட்டில் ஒரு தாய் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "எரிக்கல, சரி. வேக வெக்கிறீங்களே, அதுக்கு இன்னா சொல்ற?" பையை வாங்காமலே திரும்பினேன்.

அன்றைக்கு ராத்திரி யோசித்துத்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். டிரம்மில் போடுவதற்கு முன்னால் பிள்ளைகளுடைய பைகளை ஒரு தொட்டியில் தனியாக வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு ஊற்றுவது. ஊற்றும்போது, "எந்தப் பிள்ளைக்கும் சூடு ஏறாம குளிர்ச்சியா வெச்சிக்க தாயே" என்று ஒரு வார்த்தை. ஷெட்டைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் கேட்டபோது சிரித்தார். நாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஊற்றிக்கொள்ளுங்கள் என்றார். இதைச் சொன்ன பிறகு தாய்மார்கள் பையை நீட்ட ஆரம்பித்தார்கள். நான் இதை நம்பினேனா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனாலும் ஆத்தா பெயரைச் சொல்லி ஊற்றுகிற தண்ணீரை விளையாட்டாகவும் ஊற்றியதில்லை.

என் தங்கை அந்த வருஷம்தான் முழுகாமல் இருந்தாள். எங்கள் அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயசு. நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்கே அவளையும் கூட்டிவந்து வளர்த்து, கரியமாணிக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். நாலு வருஷம் கழித்துத் தரித்தது. அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். வளைகாப்பு போட்டுக் கூட்டிவந்தோம். ஐப்பசி அடைமழையில் ஆபரேஷன் பண்ணிப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம். முடி நெற்றி வரைக்கும் இருந்தது.

மழையில் துணி காயவில்லை. வயிற்றுத் தையலோடு அவளும் எழுந்து குனிய முடியாது. டயப்பர் வாங்கிவரலாம் என்று சொன்னபோது தங்கை யோசித்தாள்.

"எத்த வேணா கட்டுக்கா. ஆனா எம் பொண்ணுத உன் ஷெட்டுக்கு மட்டும் எடுத்துக்கினு போவாத."

"ஊரு புள்ளைங்களுதெல்லாம் போவுதுடி. அதுங்களுக்கு இன்னா ஆயிடுச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மண்ணுல பொதச்சிடு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "உங்கக்காவ உட்டா என்னையும் டிரம்முல போட்டு நாரு எடுத்துடுவா, நீ உம் பொண்ண மட்டும் காப்பாத்திக்கினா போதுமா?" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்குது மாமா, சிரிக்க வெக்காத என்று. நான் சரிடி என்று சொன்னேன். சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை, சரி என்றுதான் சொன்னேன். அக்கா சரி என்று சொன்னால் அவளுக்கு அது போதும்.

வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் புதைத்தேன். மழைக்கு மண் ஊறி, தோண்டினால் ஒரு சாணுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. நாலாம் நாளே நாய் தோண்டித் தெருவுக்கு இழுத்துவந்து கிழித்துப் போட்டுவிட்டது. அந்தக் கொழகொழப்பு எதிர்வீட்டுக் கோலம் வரைக்கும் சிதறிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு நின்று, "ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற வூட்டு சொத்து தெருவுல கெடக்குது பாரு" என்று யாரிடமோ சொல்வது போல எனக்குச் சொன்னாள். நானே போய்க் கூட்டி அள்ளினேன். வீடு வீடாகப் போய்த் தெருவில் போடாதே என்று சொல்கிறவள் நான். அடுத்த வீட்டில் இனி எந்த முகத்தோடு பை கேட்பது?

மறுநாளில் இருந்து பிள்ளையுடையதை ஒரு கவரில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். தங்கையிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி, என் வயசுக்காரி, அவளிடம் மட்டும் சொன்னேன். பொழுது விடிந்தால் சமையல், தங்கைக்குப் பத்தியம், பிள்ளையைக் குளிப்பாட்டல். பல நாள் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு ஓடுவேன். நான் போய்ச் சேரும்போது டிரம் மூடுகிற நேரமாக இருக்கும். கவரை அப்படியே அதில் போட்ட நாளும் உண்டு.

ஒரு மாதம் கழிந்து பிள்ளைக்குத் தொடையிடுக்கில் சிவந்தது. தங்கை என் முகத்தைப் பார்த்து, "எரிச்சியாக்கா?" என்று கேட்டாள். "எரிக்கலடி" என்றேன். அது பொய் இல்லை. பொய் இல்லாத வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்கிச் சொன்னேன் என்பது எனக்கும் சாமிக்கும் தெரியும். தேங்காயெண்ணெய் தடவினேன், இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டது. என் மனசும் சமாதானமாகிவிட்டது.

ஆனால் பால் குடிக்கும்போது பிள்ளைக்கு வியர்த்தது. மழைக்காலத்தில் நெற்றி எல்லாம் முத்து முத்தாக நிற்கும். நாலு வாய் குடித்ததும் களைத்துத் தூங்கிப்போகும். சூட்டு உடம்பு என்று நினைத்தேன். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வேல செஞ்சி களச்சிப்போச்சா என் ராசாத்தி" என்று கொஞ்சினேன். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவள், ஒரு தங்கையை வளர்த்தவள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு அகல் கழுவிக்கொண்டிருந்த காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தில் ஓட்டை என்றார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "வயித்துல இருக்கும்போதே வந்ததும்மா. யாரும் செஞ்ச தப்பு இல்ல." தங்கை அதைக் கேட்டுக்கொண்டாள். தலையைக்கூட ஆட்டினாள்.

கரியமாணிக்கத்தில் அவர்கள் நிலத்தோரம் புதைத்தார்கள். நான் தங்கையோடு அங்கேயே தங்கினேன். தீட்டு என்று அவள் மாமியார் சாமி படங்களை எல்லாம் வேட்டியால் மூடியிருந்தார். தங்கைக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று, ஷெட்டில் கூட வேலை செய்கிறவளுக்குப் போன் பண்ணிப் பூ வாங்கிவரச் சொன்னேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் இரண்டு முழம் பூவோடு வந்தாள். உள்ளறையில் நாங்கள் மூன்று பேர்தான். தங்கையைச் சுவரில் சாய்த்து நான் பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தவள் நல்லவள். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் சொன்னாள். "அழுவாதம்மா. உன் அக்கா பாப்பாவோடத ஷெட்டுக்கு எடுத்தாரப்ப கூட எவ்ளோ பதமா எடுத்தாரும் தெரியுமா, சாப்பாட்டுக் கூடையோட வெச்சி."

தங்கை உடம்பு என் கைக்குள் விறைத்துப்போனதை உணர்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் எதிரே பார்த்துக் கேட்டாள்.

"எம் பொண்ணுத வேக வெச்சியாக்கா?"

பூ கொண்டுவந்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நான் வேற யாரையோ சொல்றேன்மா, உங்களுது இல்ல, மாத்திச் சொல்லிட்டேன் என்று தடுமாறினாள். அந்தப் பொய்யை அவள் என் கையில் கொடுத்தாள். நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். மூடியிருந்த படங்களைப் பார்த்தேன். மூடினாலும் உள்ளே இருக்கிறவள் இருக்கத்தானே செய்கிறாள்.

"ஆமாடி" என்றேன். நாய் இழுத்ததைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவள் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு இன்னொன்று கேட்டாள்.

"பச்சத்தண்ணியாச்சும் ஊத்தினியா?"

வீடு வீடாகப் போய் எத்தனையோ தாய்மார்களிடம் நான் சொன்ன தண்ணீர் அது. சில நாள் ஊற்றினேன், அது தெரியும். எல்லா நாளும் ஊற்றினேனா? ஓடிப்போய் டிரம்மில் போட்ட நாட்கள் கண் முன்னால் வந்தன. ஊற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊற்றவில்லை என்று சொல்லவும் வரவில்லை. நான் பேசாமல் இருந்த அந்த நேரத்திலேயே அவளுக்குப் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்தாள். பூவை எடுத்து என் மடியில் வைத்தாள். பால் சூட்டில் அது அதற்குள் வாடியிருந்தது.

"நீ வூட்டுக்குப் போக்கா" என்றாள்.

என் வீட்டுக்காரர் அப்புறம் என்னைக் கோபித்துக்கொண்டார். ஒரு பொய் சொல்லியிருந்தா ஆத்தா உன்னை அடிக்கவா வரப்போறா, அந்தப் பொண்ணு நிம்மதியா இருந்திருக்குமில்ல என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். உண்மையைச் சொன்னது அவளுக்காகவா, என் பயத்துக்காகவா என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது.

ஒரு மாதம் ஷெட்டுக்குப் போகவில்லை. பிறகு போனேன். மேடம் தனியாகக் கூப்பிட்டு, பிறவியில் வருகிற நோய் அது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அறிவுக்குத் தெரியுது மேடம் என்றேன். தெரியத்தான் செய்கிறது. ஆனால் தங்கை கேட்டது அதை இல்லையே. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து ஊற்றினவள், அவள் பிள்ளைக்கு ஊற்றினேனா என்றுதானே கேட்டாள். எந்த டாக்டரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. செவ்வாய், வெள்ளி கோயிலில் நிற்கும்போது மன்னிப்புக்கூட நான் கேட்பதில்லை. எந்தெந்த நாள் ஊற்றினேன், அந்த ஞாபகத்தை மட்டும் கொடு தாயே என்று கேட்கிறேன். வரவில்லை.

போன் பண்ணினால் தங்கை எடுக்கமாட்டாள். அவள் வீட்டுக்காரர் எடுத்து, கொஞ்ச நாள் உடுங்க அண்ணி என்பார். பொங்கலுக்கு வரிசை கொண்டுபோனேன். மாமியார் வாங்கிக்கொண்டார், தங்கை கொல்லையில் இருந்து வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது.

பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்காரர்தான் போனில் சொன்னார், பிள்ளை பிறந்து இருபது நாளாகிறது, பையன், இதயமெல்லாம் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று. முழுகாமல் இருந்ததே எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு விளக்கேற்றி அழுதேன். கூப்பிடவில்லை என்பதற்காக அழவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக அழுதேன்.

மறுநாள் பஸ் ஏறிக் கரியமாணிக்கம் போனேன். மாமியார் வாசலில் பாய் போட்டுக் காப்பி கொடுத்தார். பிள்ளை தூங்குது, தங்கையும் படுத்திருக்குது என்றார். எழுப்பவேண்டாம் என்றேன். வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு கட்டி, கிழித்த வேட்டித் துணியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டயப்பர்கூட இல்லை. எல்லாம் துணி. ஆபரேஷன் பண்ணின உடம்போடு அவளே குனிந்து துவைக்கிறாளாம், நான் துவைக்கிறேன்னா குடுக்க மாட்டேங்குது என்றார் மாமியார்.

மாமியார் மாட்டைப் பிடித்துக் கட்டப் போன நேரம் திடீரென்று தூற்றல் போட்டது. நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கயிற்றில் இருந்த துணிகளை எல்லாம் உருவி மார்போடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். வெயில் சூடு இன்னும் துணியில் இருந்தது. பிள்ளை வாசனை.

தங்கை நிலைப்படியில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். காதை மூடித் துணி கட்டியிருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். கிட்டே வந்து இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி, தாழ்வாரத்தில் இருந்த பெரிய அலுமினியக் குண்டானில் அத்தனையையும் போட்டாள். காய்ந்த துணிகள். நனையாத துணிகள். குந்தி உட்கார்ந்து குழாயைத் திருகினாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை.

என் கை பட்டதைத்தான் அலசப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வாசலில் கைப்பம்பு இருந்தது. மழையில் இறங்கி அடித்தேன். ஒரு குடம் நிறைத்துக் கொண்டுவந்து குண்டானில் ஊற்றினேன். இன்னொரு குடம் கொண்டுவந்தேன். அவள் சோப்பு போட்டுக் கசக்கினாள். குனிந்து பிழியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுடி, நான் பிழியறேன். நீ கடைசியா ஒரு தபா நல்ல தண்ணில அலசிக்க."

கையில் இருந்ததை அவளே பிழிந்து முடித்தாள். பிறகு ஒரு துணியை என் பக்கம் தள்ளினாள். நான் பிழிந்து கொடுக்கக் கொடுக்க, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து உதறிக்கொண்டு உள்ளே போய்க் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். நான் நிலைப்படியைத் தாண்டவில்லை. அங்கிருந்து பார்த்தால் தூளியின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது, கனமாகத் தொங்கிக்கொண்டு. உள்ளே ஒரு சின்ன உடம்பு நெளிந்தது. தூளி லேசாக ஆடி நின்றது.

கடைசித் துணியைக் கொடுத்தபோது விரல் பட்டது. அவள் விரல் ஊறிச் சுருங்கியிருந்தது. என் விரலும்தான். துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.